மூணாவது ஓலைக்கு முந்தின நாள்

— காப்பிய அப்புறம் குடிக்கலாம், ஜெஸ்டின் சம்பந்தி. நாளைக்குக் கோவில்ல வாசிக்கப் போற மூணாவது கல்யாண ஓலைய நிறுத்தணும். அதச் சொல்லத்தான் காலையிலயே பஸ் ஏறி வந்தேன்.

— என்ன ஹென்றி சம்பந்தி இது? எங்க அனிசுக்கும் ஒங்க மக டயானாவுக்கும் ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. 'இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவுக சொல்லுங்க'ன்னு பங்குச் சாமி ரெண்டு ஞாயிறும் கேட்டாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. இப்ப என்ன தடை?

— தடை நாந்தான். ரெண்டு ஞாயிறும் முத பெஞ்சுல, தேச்ச சட்டையோட உக்காந்திருந்தேன்.

— ஒங்களுக்கு வயித்துல புத்துநோயின்னு நிச்சயத்தன்னைக்கே சொன்னியளே. நாங்க என்ன வேண்டாம்னா சொன்னோம்?

— பாதிதான் சொன்னேன். நா யாரு? ஹார்பர்ல முப்பது வருசமா கிளியரிங் ஏஜெண்டு. எவனெவனோ கப்பல்ல கொண்டாந்து எறக்குத சரக்குக்கெல்லாம் 'உள்ள இன்னது இருக்கு'ன்னு கஸ்டம்ஸுக்கு எழுதிக் கொடுத்துச் சோறு திங்கவன். என் சரக்குன்னு வந்தா மட்டும் எல்லாக் கட்டத்துலயும் ஒரே வார்த்த, 'இல்ல'. 'ஒங்க வீட்டுல இதுக்கு முன்ன யாருக்காச்சும் கேன்சர் உண்டா'ன்னு டாக்டர் கேட்டாரு. மூச்சு விடாம இல்லன்னுட்டேன்.

— யாருக்கு இருந்துச்சு?

— எங்கப்பாவுக்கு. குடல்ல கட்டி. எங்கக்கா விஜிலா கல்யாணம் நின்னிரப்பிடாதுன்னு ஊருக்கு மஞ்சக்காமாலன்னு சொன்னோம். அவரு செத்து, துட்டி கேக்க வந்தவுகட்ட, 'கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தோம், கேக்கல'ன்னு நா சொல்லி அழுதேன் பாருங்க, பாத்தவன் எவனும் சந்தேகப்பட முடியாது. பின்னால நானே நம்பிட்டேன்.

— அது பழைய கத, விடுங்க. இப்ப ஒங்களுக்கு ஊசி நல்லா கேக்குதுல்லா?

— அதான் கூத்து. வயித்துச் சதையக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாவ. எம்.எஸ்.ஐ. ஹைன்னு வந்துச்சு. பள்ளிக்கூடத்துல ஒரு பாடத்துலயும் தேறாதவன் நான். என் பேருக்குப் பக்கத்துல ஹைன்னு போட்டது பிரஷருக்கு அடுத்தாப்புல இதுதான்.

— ஹைன்னா நல்லதா கெட்டதா?

— எங்க பாஷையில சொல்லுதேன். கட்டிங்கது கள்ளச்சரக்கு. சில கட்டி பேப்பரெல்லாம் சுத்தமா வச்சிருக்கும், ஒடம்புல இருக்க ஆபீசருக்குச் சந்தேகமே வராது. என் கட்டி என்ன மாதிரி அரவேக்காடு, பேப்பர் பூரா தப்பு. இப்பிடிப்பட்டதுக்குத்தான் இம்யூனோதெரப்பி ஊசி நல்லா கேக்குமாம். ஆபீசர் கண்ண மறைச்சிருக்க துணிய ஊசி அவுத்து விட்டுரும், பெறவு அவரே பிடிச்சிருவாரு. எல்லாருக்கும் கேக்காதாம். எனக்குக் கேட்டிருக்கு. நாலு ஊசியில பாதியாச் சுருங்கிட்டு.

— மாதாவே! இம்புட்டு நல்ல சேதிய வச்சிக்கிட்டா ஓலைய நிறுத்தச் சொல்லுதிய?

— முழுசாக் கேளுங்க. பேப்பர்ல ஏன் அம்புட்டுத் தப்பு? ஒடம்புல தப்பத் திருத்துததுக்குன்னு ஒரு கிளார்க்கு உண்டாம். என் ஒடம்புல அவன் ஒழுங்கா வேலைக்கு வரல. முக்காவாசிப் பேருக்கு இது நடுவுல வாரது, புள்ளைகளுக்குப் போவாது. சில பேருக்குப் பொறப்புலயே ரத்தத்துல வருமாம். என் ரத்தத்த எடுத்துப் பாத்தாவ. அப்பாட்ட இருந்து வந்ததுதான். டயானாவுக்கும் பாதிக்குப் பாதி வந்திருக்கலாம். 'மகளையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க'ன்னு டாக்டர் சொல்லி மூணு மாசமாச்சு.

— அவட்ட சொன்னியளா?

— இல்ல.

— சம்பந்தியம்மாட்ட?

— எமில்டா ராவும் பகலும் என் வாந்திய அள்ளிட்டு இருக்கா. இதையும் எப்பிடி அவ தலையில எறக்க?

— மூணு மாசம் மூடி வச்சிட்டு இன்னைக்கு மட்டும் எப்பிடி வாய் வந்துச்சு?

— போன ஞாயிறு சாமி தடையப் பத்திக் கேக்கையில எனக்கு லேசா இருமல் வந்துச்சு. கோவிலே என்னயப் பாத்துச்சு. பயந்துபோயி, நெசமாவே சளி பிடிச்ச மாதிரி பூச முடியுத வரைக்கும் இருமுனேன். பின்னால இருந்த ஒரு அம்மா பாவம்னு விக்ஸ் மிட்டாய் கொடுத்தாவ. அதையும் வாங்கித் தின்னேன்.

— சிரிக்கக் கூடாதுன்னுதான் பாக்கேன், முடியல.

— சிரியுங்க. ஆனா ஒங்க மகன் ஒண்ணும் தெரியாம தாலி கெட்டக் கூடாது. நீங்களே எதாச்சும் ஒரு சாக்குச் சொல்லி நிறுத்திருங்க. மாப்பிள வீட்டுக்காரவ சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாவ. டயானாவுக்கு மட்டும் காரணம் தெரியப்பிடாது.

— அவ ஒடம்பு. அவளுக்குத்தான மொதல்ல தெரியணும்?

— அவளுக்கும் இருக்குன்னு வந்துட்டா? மகளுக்கு நா கொடுத்த சீரு அதுதான்னு ஆயிரும். அந்தப் புள்ள மொகத்தப் பாத்துட்டு எனக்கு எதுக்கு ஊசி? அன்னைக்கே ஊசிய நிறுத்திருவேன். நா மட்டும் பொழச்சுக் கெடந்து என்ன செய்ய?

— ஹென்றி சம்பந்தி, அழாதீய. உக்காருங்க. நா ஒருத்திக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கேன். இப்ப அத மீறப் போறேன். ஒங்க ரிப்போர்ட்டெல்லாம் ஆஸ்பத்திரியில இருந்து யாரு போனுக்கு வருது?

— டயானா போனுக்கு. அவதான என் பேரப் பதிஞ்சா. பெறவு டாக்டர் கையிலயும் தருவாரு... ரத்த ரிப்போர்ட்டுமா போயிருக்கு?

— மொத ஓலைக்கு முந்துன வாரம் அவ இங்கன வந்தா. அவளே டெஸ்ட் எடுத்து, அந்தத் தாள அனிஸ் கையில கொடுத்துட்டு, 'வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க'ன்னா. அவன் வாசிச்சான். மடிச்சுச் சட்டப்பையில வச்சிட்டு, ஓலைக்கு எழுதிக் கொடுங்கப்பான்னு என்ட்ட சொல்லிட்டான்.

— தாள்ல என்ன போட்டிருந்துச்சு சம்பந்தி? சொல்லுங்க, என்ன போட்டிருந்துச்சு?

— வருசா வருசம் சோதிச்சுக்கிட்டா, கட்டி வந்தாலும் ஆரம்பத்துலயே பிடிச்சிரலாமாம், அனிஸ் கூடப் போறேன்னிருக்கான். எல்லாத்தையும் கண்ணு கலங்காமச் சொன்ன புள்ள, வாசல் தாண்டையிலதான் ஒடஞ்சு அழுதா: 'எங்கப்பாட்ட மட்டும் சொல்லிராதீய மாமா, ஊசிய நிறுத்திருவாரு.'