சாமி படம் வேண்டாமாம்

கொள்ளேகாலிலிருந்து மைசூர் வரும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஊதுபத்தி செய்து விற்கும் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம பத்தியைக் கக்கூசுலயா கொளுத்துவாங்க?" என்று அந்தம்மா கேட்டது என் காதில் விழுந்தது.

"வெளிநாட்டுல வாசனைக்குத்தான் புள்ள வாங்கறாங்க. கவர்மெண்டு செலவுல அங்க கண்காட்சிக்கு ஆள் அனுப்பறாங்க. நம்ம சங்கத்துல என் பேரைத்தான் குடுத்திருக்காங்க. டப்பாவுல மாதப்பன் சாமி படம் மட்டும் வேண்டாமாம். உனக்கு மனசில்லைன்னா நான் போகலை."



"போயிட்டு வாங்க. சாமியை எதுக்குக் கக்கூசுக்கெல்லாம் அனுப்போணும்? உங்க படத்தைப் போட்டுக்குங்க."

"எம் மூஞ்சியப் பாத்தா எவன் வாங்குவான்?"

"ஒரு டப்பா நான் வாங்கிக்கறனுங்க," என்று சொல்லி, அவருடைய சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார்.