பட்டாளச் சேதி எழுதுகிறவருக்கு ஒரு மெழுகுவர்த்தி

லிங்கராஜபுரத்தில் மண்ணெண்ணெய் வாங்கும் வரிசை. அப்போது எனக்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது. ஆனாலும் படித்தவன் மாதிரி ஒரு பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் நின்ற பெண் சொன்னதைக் கேட்டதும் பேப்பர் தானாக இறங்கிவிட்டது.

"பர்மா சண்டையைப் பத்தி எழுதுறாரே, அந்த நிருபர் புளுகனா இருக்கறதுக்கு மாதாவுக்குக் கோடி தோத்திரம், அக்கா!"

"ஏன்டி ரோசி?"

"எங்க வூட்டுக்காரர் பட்டாளத்துல ஒருத்தர்கூட மிச்சமில்லன்னு எழுதிட்டாரே. நானும் அழுதுட்டே போயி பாதர்கிட்ட துக்கப் பூசைக்குச் சொல்லிட்டேன். நேத்து இவர் கைப்பட கார்டு வந்துச்சுக்கா! அந்தச் சேதி வந்ததுக்கு அப்புறம் எழுதினது."

"நான்தான் அப்பவே சொன்னேனே! இதே ஊர்ல, அடுகோடியில ஒரு வைக்கோல் போர் எரிஞ்சதுக்கு ஊரே சாம்பலாச்சுன்னு எழுதின ஆளுடி அவரு. அடுகோடியையே ஒழுங்கா பார்க்காதவரு பர்மாவைப் பார்த்தாராக்கும்?"

"நல்லா இருக்கட்டும் மனுசன். துக்கப் பூசையை நன்றிப் பூசையா மாத்தியாச்சு. அவர் பேருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன்."

"அந்தப் புளுகனுக்கா?"

"அவர் எழுதினது நிஜமா இருந்தா நான் இன்னிக்கு வெள்ளைச் சீலையில நிப்பேனேக்கா. ஆனா ஒண்ணு, சண்டை முடிஞ்சதுங்கற சேதியை மட்டும் வேற யாராவது எழுதணும்."