பொதுச்சுவர்

சிங்காரவேல்: அந்தச் சுவத்துல மாட்டாதேன்னு சொன்னேனா இல்லியா?

அறிவழகன்: சார், பழைய மோடம் இங்கதானே இருக்குது. ஃபைபர் பெட்டியையும் இதே எடத்துல மாட்டிட்டா அரை மணி நேரத்துல...

சிங்காரவேல்: பழசு மாட்டின காலம் வேற. அப்ப அந்த வூட்டுக்காரன் மனுசனா இருந்தான்.

அறிவழகன்: எந்த வூட்டுக்காரரு?

சிங்காரவேல்: இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட இருக்கானே, நெடுமாறன். அவன் பேரைச் சொன்னா வாயைக் கொப்புளிக்கணும்.

அம்சவல்லி: மெதுவாங்க. ரெட்டைக் குவார்ட்டர்ஸ். நடுவுல இருக்கறது ஒரு சுவரு. அங்க தும்முனா இங்க கேக்குது.

சிங்காரவேல்: கேக்கட்டும்னுதான் கத்தறேன்!

அம்சவல்லி: யாருக்குக் கேக்கணும்? அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு. இந்நேரம் மைன்ஸ்ல இருப்பாரு. வூட்ல அந்தப் பொண்ணு ஒண்டியாத்தான் இருக்குது, பரிச்சைக்குப் படிச்சுக்கினு.

சிங்காரவேல்: ...இருக்குதா?

அம்சவல்லி: இருக்குது. அதுக்கென்ன இப்ப?

சிங்காரவேல்: ஒண்ணுமில்ல. தம்பி, டிரில்லை எடுத்தவொடனே ஓட்டாதே. அப்புறம் பாத்துக்கலாம்.

அறிவழகன்: அப்ப எங்கதான் சார் மாட்டறது? எடத்தைச் சொல்லுங்க. குள்ளஞ்சாவடியிலேர்ந்து காலையில ஏழு மணிக்குக் கெளம்பினவன் நான். உங்க பிளாக்லயே இன்னும் மூணு வூடு பாக்கி.

சிங்காரவேல்: அந்தக் கோடிக்குப் போ. பெட்ரூம்ல, தெருப்பக்கத்துச் சுவத்துல மாட்டு. இவனுக்கும் நமக்கும் எவ்ளோ தூரம் இருக்குதோ அவ்ளோ நல்லது.

அம்சவல்லி: பெட்ரூம்லயா? நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்கறது யாரு, நானா? ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவுட்டுக்கினு, காக்கா கத்துனாலே என்னைத் திட்டற ஆளு நீங்க. தலைமாட்டுல பச்சை லைட்டு மின்னிக்கினே இருந்தா சும்மா இருப்பீங்களா?

சிங்காரவேல்: அப்ப சமையக்கட்டு.

அம்சவல்லி: குக்கரு ஆவியும் தாளிக்கற எண்ணெயும் போவட்டும் அதுக்குள்ள. மழைக்காலத்துல சுவரு வேற ஓதம் அடிக்குது.

அறிவழகன்: அம்மா சொல்றது சரிதான் சார். கம்பம் இந்தாண்டதான் இருக்குது. பெட்ரூமுக்குப் போவணும்னா கூரையைச் சுத்தி நாலு மூலை வளைக்கணும்.

சிங்காரவேல்: வளை. கம்பிதானே?

அறிவழகன்: இது கம்பியில்ல சார், கண்ணாடி. உள்ள முடி கனத்துக்குத்தான் இருக்கும். பழைய டெலிபோன் ஒயர் மாதிரி இஷ்டத்துக்கு மடக்குனா ஒடைஞ்சிரும். அப்புறம் பெட்டியில சிவப்பு லைட்டு எரியும், நீங்க எனக்கு போன் பண்ணித் திட்டுவீங்க.

சிங்காரவேல்: நான் ஏன் திட்டப்போறேன்?

அறிவழகன்: பர்மனென்ட் ஆளுங்க எல்லாரும் திட்டுவாங்க சார். நாங்க கான்ட்ராக்ட்தானே.

அம்சவல்லி: நல்லாக் கேளு தம்பி.

சிங்காரவேல்: அம்சா, நீ ஏன் இந்தச் சுவத்துக்கு இப்பிடி வக்காலத்து வாங்கற?

அம்சவல்லி: நான் இங்க உக்காந்துக்கினுதான் போன்ல சீரியல் பாக்கறேன். எனக்கு இங்க ஓடணும்.

சிங்காரவேல்: போ, போயி டீயைப் போடு.

அம்சவல்லி: போறேன். தம்பி, நான் வர்றதுக்குள்ள எங்கயும் ஓட்டை போட்டுடாதே. குவார்ட்டர்ஸ் சுவரு. காலி பண்றப்ப நாங்கதான் பதில் சொல்லணும்.

அறிவழகன்: சரிம்மா. சார், பழைய மோடத்துப் பாஸ்வேர்டு சொல்லுங்க. உள்ள போயி செட்டிங்கைப் பாத்துக்கறேன்.

சிங்காரவேல்: கிட்ட வா. பதினேழு, சைபர் எட்டு, ரெண்டாயிரத்துப் பதினாறு. நடுவுல புள்ளியில்ல, கோடில்ல. எட்டு நம்பரு.

அறிவழகன்: பொறந்த நாளா சார்? பேரப்புள்ளைக்கா?

சிங்காரவேல்: என் பேரைக் கெடுத்த நாளு.

அறிவழகன்: என்ன சார்...

சிங்காரவேல்: அன்னிக்குத்தான் அந்த நெடுமாறன் என்கொயரியில உக்காந்து எனக்கு எதிராக் கையெழுத்துப் போட்டான். மைன்ஸ்ல கரி ஓடற பெல்ட்டு கிழிஞ்சுபோச்சு. அந்த நேரத்துல சிங்காரவேல் எடத்துல இல்லைன்னு எழுதிக் குடுத்தான். பதினஞ்சு நாள் சஸ்பென்ஷன். வரவேண்டிய புரமோஷன் போச்சு. எனக்குக் கீழ வேலை கத்துக்கிட்ட பொடியன் ஒருத்தன் இன்னிக்கு எனக்கு ஆர்டர் போடறான். நான் அவனுக்கு எழுந்து நிக்கறேன்! மறந்துடக் கூடாதுன்னுதான் அந்த நாளைப் பாஸ்வேர்டா வச்சிருக்கேன்.

அறிவழகன்: நீங்க எடத்துல இருந்தீங்களா சார்?

சிங்காரவேல்: ...டீ குடிக்கப் போனேன். பத்து நிமிஷம்.

அம்சவல்லி: முக்கா மணி நேரம்! எனக்கு இங்க கேக்குது.

சிங்காரவேல்: நீ அடுப்பைப் பாரு! சரி, முக்கா மணி நேரமாவே இருக்கட்டும். ஒரே வாசல்ல சைக்கிள் நிறுத்தினவன் ஒரு வார்த்தை மறைச்சிருக்கக் கூடாதா? அவன் பொண்ணுக்குக் காது குத்தறப்ப எங்க மடியில உக்கார வச்சுத்தான் குத்தினாங்க. அதையெல்லாம் நினைச்சுப் பாக்க வேணாமா?

அறிவழகன்: விடுங்க சார். மூணு வருஷமாச்சு.

சிங்காரவேல்: உனக்கு மூணு வருஷம். எனக்கு தெனம் மூணு ஷிப்ட்டு. அது போவட்டும். தம்பி... ஒண்ணு கேக்கறேன். பெட்ரூம்ல மாட்டினா சிக்னல் அந்த வூட்டுக்குப் போவாதுல்ல?

அறிவழகன்: கவலையே படாதீங்க. நடுவுல மூணு சுவரு, பீரோ வேற. ஒரு புள்ளி கூடப் போவாது.

சிங்காரவேல்: ஒரு புள்ளி கூடவா?

அறிவழகன்: ஒரு புள்ளி கூட.

சிங்காரவேல்: ஓரமா, அவங்க பின்வாசப் படியில உக்காந்தா?

அறிவழகன்: எங்க உக்காந்தாலும் வராது. உங்களுக்கு அதானே வேணும்?

சிங்காரவேல்: ...ஆமா. அதான் வேணும். ஆனா... கண்ணாடி ஒடைஞ்சிரும்னு சொன்னியே?

அறிவழகன்: பாத்துத்தான் வளைக்கணும்.

சிங்காரவேல்: அப்ப வேணாம். இங்கயே மாட்டு. அவனுக்காக இல்ல, கண்ணாடிக்காக. அப்புறம், பழைய லைனை இப்ப அறுக்காதே. பதினொன்றரைக்கு மேல அறு.

அறிவழகன்: ஏன் சார்? இப்பவே மணி பத்தே முக்கா.

சிங்காரவேல்: ராகு காலம்.

அம்சவல்லி: இந்தா தம்பி டீ. ராகு காலமா? இன்னிக்குப் புதன்கெழமை. பன்னெண்டு மணிக்குத்தான் ராகு காலமே ஆரம்பிக்குது.

சிங்காரவேல்: எதுக்கெடுத்தாலும் எதிர்ப் பேச்சு! நான் போயி ஸ்டூலை எடுத்தாரேன்.

அம்சவல்லி: பின்பக்கம் ஷெட்டுல இருக்குது பாருங்க... தம்பி, இங்க வா. சீக்கிரம்.

அறிவழகன்: என்னம்மா?

அம்சவல்லி: புதுசுக்குப் போடற பாஸ்வேர்டை ஒரு சீட்டுல எழுதி எனக்குக் குடு. அவருக்குத் தெரியக் கூடாது.

அறிவழகன்: அதெப்படிம்மா? வூட்டுக்காரரு பேர்ல இருக்கற கனெக்‌ஷன்...

அம்சவல்லி: அப்ப நான் யாரு? இந்த வூட்ல வாடகைக்கு இருக்கேனா?

அறிவழகன்: கோவப்படாதீங்க. எதுக்குன்னு சொல்லுங்க.

அம்சவல்லி: பக்கத்து வூட்டுப் பொண்ணு, இசைப்பிரியா. பாங்க் எக்ஸாம் எழுதுது. ஞாயித்துக்கெழமை மெயின் பரிச்சை. தெனம் மாதிரிப் பரிச்சையை நெட்லதான் எழுதணுமாம். போன் டேட்டா சுத்திக்கினே நிக்குது, கேள்வி வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோவுதுன்னு அழுதுச்சு. அவங்கப்பாவுக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட்டு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு அந்தக் குடும்பம் எங்க போவும்? வாசல்ல பேசக் கூடாதுன்னு இவரு தடை போட்டிருக்காரு. நான் வேலி ஓரமா முருங்கைக்கீரை குடுக்கற சாக்குல எங்க வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லிட்டேன்.

அறிவழகன்: அப்ப குடுத்தாச்சே. இன்னும் என்ன?

அம்சவல்லி: போன ஆடி மாசம் இவரு திடீர்னு மாத்திட்டாரு. என் போனை வாங்கி அவரே அடிச்சுக் குடுத்தாரு. என்ன நம்பருன்னு எனக்கே சொல்லல. அன்னியிலேர்ந்து அந்தப் பொண்ணு மூஞ்சில முழிக்க வெக்கமா இருக்குது. பின்பக்கம் துணி காயப்போடக் கூட நான் போறதில்ல.

அறிவழகன்: அதுக்குத்தான் இந்தச் சுவரு வேணும்னீங்களா?

அம்சவல்லி: பின்ன சீரியலுக்கா?

சிங்காரவேல்: என்ன அங்க குசுகுசுன்னு?

அம்சவல்லி: சக்கரை போதுமான்னு கேட்டேன்.

அறிவழகன்: போதும்மா... போதும். சார், ஸ்டூலை அப்பிடி வைங்க. மோடத்து உள்ள போயிட்டேன். எத்தனை போன் ஓடுதுன்னு பாத்துக்கறேன், புதுசுல எல்லாத்தையும் ஏத்தி வுடணும். மொத்தம் நாலு ஓடுது.

அம்சவல்லி: நாலா? எங்க ரெண்டு போனு, டிவி ஒண்ணு. மூணுதானே?

சிங்காரவேல்: பழைய மோடம், அதுக்கு எண்ணத் தெரியல. மூடிட்டு வேலையைப் பாரு தம்பி.

அம்சவல்லி: இருங்க. என் போனு அதுல இருக்குதான்னு பாக்கட்டும்.

சிங்காரவேல்: அதெல்லாம் எதுக்கு? மூடுப்பா!

அறிவழகன்: எண்ணிக்கை சரிதான் சார். பேரே போட்டிருக்குது. நாலாவது... இசைப்பிரியா.

அம்சவல்லி: என்னது? இப்பவா?

அறிவழகன்: இப்பதாம்மா. பத்து மணியிலேர்ந்து ஓடிக்கினு இருக்குது.

சிங்காரவேல்: பாத்தியா! பாத்தியா தம்பி! எவன் என் சோத்துல மண்ணள்ளிப் போட்டானோ அவன் வூட்டுக்கு என் வூட்லேர்ந்து நெட்டு! நீதானே குடுத்த? சொல்லு அம்சா, நீதானே?

அம்சவல்லி: ஆமா, குடுத்தேன்! என்ன பண்ணுவீங்க? முப்பது வருஷம் உங்களுக்கு ஷிப்ட்டுக்கு ஷிப்ட்டு டிபன் கட்டிக் குடுத்தேனே, என்னிக்காவது ஒண்ணு கேட்டேனா? உங்களுக்கும் அந்த மனுசனுக்கும் சண்டைன்னா நீங்க ரெண்டு பேரும் மைன்ஸ்ல கட்டிப் புரளுங்க. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? அதுவா பெல்ட்டைக் கிழிச்சுது? அதுவா கையெழுத்துப் போட்டுச்சு? நம்ம மடியில உக்காந்து காது குத்திக்கினு, உங்க சட்டையைப் புடிச்சுக்கினு அழுத புள்ளைங்க அது!

சிங்காரவேல்: தெரியாமலா இருக்கேன்?

அம்சவல்லி: தெரிஞ்சவரு செய்யற வேலையா இது? படிக்கற பொண்ணு வாயில மண்ணைப் போடற மாதிரி ராவோட ராவா பாஸ்வேர்டை மாத்தினீங்களே, நீங்கள்லாம்... இருங்க.

சிங்காரவேல்: என்ன இருங்க?

அம்சவல்லி: நான் குடுத்தது பழசு. ஆடி மாசத்துக்கு முந்தி இருந்தது. அதை வச்சு இப்ப எப்பிடி ஓடும்? தம்பி, ஓடுமா?

அறிவழகன்: ஓடாதும்மா. மாத்தினதும் எல்லாம் அறுந்துடும். புதுசு தெரிஞ்சவங்க யாராவது சொல்லியிருந்தாத்தான் ஓடும்.

அம்சவல்லி: எனக்குத் தெரியாது.

அறிவழகன்: எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.

அம்சவல்லி: ஏங்க...

சிங்காரவேல்: டீ ஆறுது தம்பி. குடி.

அம்சவல்லி: ஏங்க, இங்க பாருங்க. பதினொன்றரை வரைக்கும் லைனை அறுக்காதேன்னு ஏன் சொன்னீங்க? ராகு காலமா?

அறிவழகன்: சார், எனக்கு நேரமாவுது. புதுப் பெட்டிக்கு என்ன பாஸ்வேர்டு போடறது? அதை மட்டும் சொல்லுங்க.

சிங்காரவேல்: பழசே போடு. மாத்தினா திரும்ப ஒரு சீட்டு எழுதி அந்தப் பொண்ணு சைக்கிள் கூடையில நான் போடணும். நான் மாத்தின மறுவாரம் மெயின் பஜார் நெட் சென்டர் வாசல்ல, கொட்டற மழையில, எடம் காலியாவட்டும்னு நனைஞ்சுக்கினு நின்னுச்சு அம்சா... என்னைப் பாத்து, ‘நல்லா இருக்கீங்களா பெரியப்பா’ன்னு கேட்டுச்சு. நான் என்ன பண்ணட்டும்? அந்த நம்பரு என்ன நாளுன்னு அதுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். பதினொன்றரைக்குத்தான் அதுக்குப் பரிச்சை முடியும், அதுவரைக்கும் ரெண்டு பேரும் சத்தம் போடாம உக்காருங்க.