இரண்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு நிச்சயதார்த்தம்

ஏலக்காய் மணக்கும் கையோடு தலைமை ஏற்றிருக்கும் போடி வணிகர் தங்கபாண்டி அவர்களே! அரசு ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் அவர்களே! மிஷன் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் அவர்களே! இருவரையும் ஒரே மூச்சில் விளித்துவிட்டேன். யாரை முதலில் சொன்னான் என்று நாளைக்கு வழக்கு வேண்டாம். அல்லிநகரத்துப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே! அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிச் சீட்டு எழுதும் குமாஸ்தா குருசாமியின் வணக்கம்.

இரண்டு ஆஸ்பத்திரிகளின் புற்றுநோய்ச் சீட்டுகளும் இன்று ஒரே பதிவேட்டில் சேர்கின்றன. சேர்த்து வைத்தது யார்? சர்க்காரா? சட்டமா? இல்லை ஐயா, ஏலக்காய் தரம் பிரிக்கும் ராமுத்தாய் அக்கா!

சென்ற ஆண்டு அக்காவின் கன்னத்துக்குள் ஒரு புண். சதைப் பரிசோதனை எங்களிடம் நடந்தது. அறுவை செய்யும் டாக்டரோ மிஷனில். "முடிவைக் கொண்டு வாங்க" என்றது மிஷன். "அங்கன இருக்குற சீட்டெல்லாம் முதல்ல வரட்டும்" என்றது எங்கள் பக்கம். கடிதம் பறந்தது! பதில் பறந்தது! "தங்கள் சீட்டுகள் வந்தபின் எங்கள் சீட்டுகள் வரும்" என்று நாங்கள் எழுதினோம். அதே வரியை அவர்களும் எழுதினார்கள். இரண்டு கடிதமும் ஒரே நாளில், ஒரே தேனி பஸ் நிலையத்தில், பக்கத்துப் பக்கத்துத் தபால் பையில் கிடந்தன!

என்ன தாயி சிரிக்கிறீர்கள்? சம்பந்தி வீம்பு உங்கள் வீட்டில் இல்லையா?

அக்கா என்னையும் மிஷன் குமாஸ்தா சுகிர்தம் அம்மாவையும் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வீடும் இப்பிடி வீம்பு பண்ணுனா பொண்ணு கதி என்னத்துக்கு ஆகும்? தட்டு மாத்துங்க. ஒரே நேரத்துல. முந்துனவுக பிந்துனவுக யாருமில்ல."

பஸ் நிலைய டீக்கடை பெஞ்சில் மாற்றினோம் ஐயா! என் தட்டில் தேங்காய், பழம், நோயாளிச் சீட்டுகளின் கட்டு. சுகிர்தம் அம்மா தட்டிலும் அதே. "பொண்ணு எங்கன?" என்று கூட்டம் கேட்டது. "நாந்தேன்" என்று கையைத் தூக்கினார் அக்கா!

அந்த வாரமே அறுவை நடந்தது. அக்கா பிழைத்தார். ஆனால் டாக்டர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது: "மூணு வாரம் முந்தி வந்திருந்தா தாடை எலும்பு தப்பிச்சிருக்கும்." அந்த மூன்று வாரம் எங்கே போனது? எங்கள் கடிதங்களில் போனது. அதைத் தட்டச்சு செய்தது இந்தக் கை. வெட்கப்படுகிறேன்.

மாற்றிய சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தோம். பதினேழு பேர் வாய்ப்புண்ணோடு இரண்டு இடத்துக்கும் போனவர்கள். புண் எந்தக் கன்னத்தில் என்று எங்கள் சீட்டில் இருந்தது. புகையிலையை எந்தக் கன்னத்தில் அடக்குவார் என்று அவர்கள் சீட்டில் இருந்தது. தனித்தனியே பார்த்தால் வெறும் எழுத்து. சேர்த்து வைத்தால்? பதினைந்து பேருக்கு, அடக்கிய அதே கன்னத்தில் புண்!

எங்கே, எல்லோரும் நாக்கால் உங்கள் கன்னத்தை உள்ளே தடவிப் பாருங்கள். இடம்! வலம்! அடடா, மேடையிலிருந்து பார்த்தால் ஊரே கொழுக்கட்டை மென்றுகொண்டிருக்கிறது! தலைவர் அவர்களே, நீங்களும்தான்!

சரி, போதும். எல்லோரும் நாக்கை எடுத்துவிட்டீர்கள். பந்தல் போட்ட பொன்னுராஜ் அண்ணன் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அண்ணே, என்ன? ஏதும் தட்டுப்படுதா?

யாரும் சிரிக்காதீர்கள்.

அண்ணே, பயப்படாம எந்திரிச்சு வாங்க. பெரிய டாக்டர் ரெண்டு பேரும் இங்கனதேன் இருக்காக. ராமுத்தாய் அக்கா உங்க கூடவே வருவாக. உங்க சீட்டு இன்னைக்கே ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் போகும். யாரும் யாரையும் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டோம்.

இன்னும் நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், மடித்துவிட்டேன். கேட்ட உங்களுக்கு நன்றி; அண்ணனுக்கு வழி விடுங்கள். வணக்கம்.