டாய்னா அண்ணன்

...பின்ன என்னக்கா? ஒரு பாஷையில அண்ணன்னு கூப்புடற வார்த்த, இன்னொரு பாஷையில அடி வாங்கற வார்த்தையா இருந்தா அது யாரு குத்தம்? என் குத்தமா? பாஷைய செஞ்சவன் குத்தம் லா!

உக்காருங்க, உக்காருங்க. அந்த நாக்காலி கால் ஆடும், இந்தப் பக்கம் வாங்க. பாத்து! ஆபிசு கூட்டற பஞ்சாலைக்கா இப்பதான் மாப் போட்டுட்டுப் போனாங்க, வழுக்கும். நீங்க இன்சூரன்ஸா? கையில பைலு, குடை, மூஞ்சில ஒரு பொறும... இன்சூரன்ஸேதான். மெனேஜர் இப்ப பாக்க மாட்டாருக்கா. உள்ள விசாரண. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால, நீல சட்ட, தொப்பியக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கறான் பாருங்க... தில் பகதூர். நம்ம எஸ்டேட்டு கேட்டு ஜாகா, காவக்காரன். நேப்பாளி. அவன ஊருக்கு ஏத்தி வுடறதா வேணாமான்னு இன்னிக்கி முடிவு.

என்ன செஞ்சானா? அத ஏன் கேக்கறீங்க... சரி, கேட்டுட்டீங்க.

நான் சுகுமாறன். லோரில செம்பனக் கொல ஏத்தற வேல. படிப்பா? ஃபார்ம் ஃபோர்ல ஸ்கூலு என்னைய வுட்டுச்சா, நான் ஸ்கூல வுட்டேனான்னு எங்கம்மாவுக்கும் எனக்கும் இன்னும் கேஸ் நடக்குது. இப்ப இங்கன பாதி ஆளு நேப்பாளி. ‘நேப்பாளி பேசறவனுக்கு மண்டோர் வேல’ன்னாரு மெனேஜரு, ஆளுங்கள மேய்க்கற வேல. நான் கையத் தூக்கிட்டேன். ‘தெரியும் போஸ்!’ ஒரு எழுத்து தெரியாது. நேரா கேட்டுக்கு ஓடி, தில் பகதூர் கையப் புடிச்சிக்கிட்டேன். நீ எனக்கு நேப்பாளி, நான் ஒனக்குத் தமிழு. இதச் சொல்லவே அர மணி நேரம் டான்ஸ் ஆடுனேன்!

புஸ்தகமா? எதுக்கு? அதுல ‘இது பேனா, அது மேச’ன்னு இருக்கும். செம்பனக் காட்டுல எவன்க்கா மேச கேப்பான்? எனக்கு வேண்டியது ‘சாப்டியா’, ‘ஓடுடா, பாம்பு’. பாம்புக்கு சர்ப்பங்கறாங்க, நம்ம சர்ப்பந்தான். அட, ஈசிடான்னு நெனச்சேன். அங்கதான் மாட்டுனேன். ஒரு நா நல்ல வெயிலு. ‘மலாய் பானி, மலாய் பானி’ங்கறான். பானின்னா தண்ணி, அது தெரியும். மலாய்... என்னக்கா, நான் சொல்றதுக்கு முன்னாடியே சிரிக்கறீங்க? மலாய்க்காரங்க தண்ணி கேக்கறான் போலன்னு மோட்டோ எடுத்துக்கிட்டு கோலா சாவா சிம்பாங், அந்த முச்சந்தி வரைக்கும் போயி, மலாய்க்காரம்மா கடையில ரோஸ் கலர் சிராப் வாங்கியாந்தேன். வந்து பாத்தா, மலாய்னா ‘எனக்கு’ன்னு அர்த்தமாம்! எனக்குத் தண்ணி குடுன்னு கேட்டிருக்கான். பக்கத்துலயே பைப்பு! சிராப்ப ஒரே மூச்சுல குடிச்சிட்டு என்னையக் கட்டிப் புடிச்சிக்கிட்டான், பாவி. அன்னிலேர்ந்து அவன் ஆக்கற பருப்புல எனக்கும் ஒரு பங்கு.

அப்புறந்தான் இந்த டாய். அவங்க பாஷையில அக்காவுக்கு தீதி, அண்ணனுக்கு டாய். மரியாதக்கா, மரியாத! கேட்டுல வர்றவங்கள எல்லாம் டாய்! டாய்!ங்கறான். நம்ம ஆபிசு கணக்கு எழுதற பெரிய கிராணி, எவனோ ரவுடி வந்துட்டான்னு சைக்கிள போட்டுட்டு ஓடுனாரு. நான் திருத்தியிருக்கணும். ம்... திருத்தல. ஏன்னா நல்லா இருந்திச்சிக்கா! கை ரெண்டும் கும்புடுது, வாயி டாய்ங்குது!

போன வெள்ளிக்கெழம மொதலாளி சிவசிதம்பரம், சம்சாரத்தோட ரஹாங்லேர்ந்து கார்ல வர்றாரு. நம்மாளு ஓடி வந்து கேட்டத் தொறந்து, குனிஞ்சு, கும்புட்டு, பல்லு முப்பத்திரண்டும் தெரிய... ‘டாய்! வாய மூடு!’

...ம்? டாய் சரி, வாய மூடு எங்கேர்ந்து வந்திச்சா? அக்கா, நீங்க இன்சூரன்ஸ்ல இருக்கக் கூடாது. போலீசுல இருக்கணும்.

அது வந்து... அவன்தான் கேட்டான். சாதா ஆளுக்கு ‘வாங்க’. பெரிய ஆளு வந்தா அதவிடப் பெருசா ஒண்ணு இருக்கான்னான். என் வாயி சும்மா இருக்குமா? ‘வாய மூடு’ன்னு சொல்லிட்டேன். அவன் அத ஜாகா கொட்டாயில கண்ணாடி முன்னால நின்னு பழகுறான்க்கா! லோரிக்காரனுங்க கிட்ட சொல்லுவான், சிரிக்கலாம்னு பாத்தேன். மொதலாளி கிட்டயே போயி சொல்லுவான்னு நான் கண்டேனா?

அவன் இன்னும் என்னையக் காட்டிக் குடுக்கல. குடுக்கத் தெரியல. அவங்க மலாய்ல ஏசறாங்க, அவனுக்கு வெளங்கல, தலைய ஆட்டறான். அந்தா பாருங்க, என்னையப் பாத்துட்டான்... கை ஆட்டறான். சிரிக்கறான் வேற. ஊருல பாதி வீட்டுக்குத்தான் கூர போட்டிருக்கானாம், மீதிக்கு வானம்... நானும் கை ஆட்டிட்டேன்க்கா.

ஆனா பயப்படாதீங்க, ஐடியா இருக்கு! உள்ள யாருக்கும் நேப்பாளி தெரியாது, அவனுக்கு வேற எதுவும் தெரியாது. நடுவுல மொழிபெயர்ப்பு யாரு? ஐயாதான்! ‘சுகு, வெளிய உக்காரு, கூப்புடறேன்’னு மெனேஜரே சொன்னாரு. டாய்னா அண்ணன். அது உண்ம. வாய மூடுன்னா... ‘வயமுடு’! இமயமலையில ஒரு சாமி! அந்தச் சாமி பேரச் சொல்லி மொதலாளிய வாழ்த்துனான், அவ்ளோதான். அவனும் தப்பிச்சான், நானும் தப்பிச்சேன். எவன்க்கா செக் பண்ணப் போறான்? இந்த வட்டாரத்துல நேப்பாளி தெரிஞ்ச தமிழன் நான் ஒருத்தன்தான் லா!

கதவு தொறக்குது. வரேன்க்கா. போஸ், ரெடி போஸ்! ...என்ன? நான் இல்லியா? இவங்களா? போஸ், இவங்க இன்சூரன்ஸ்...

என்னக்கா சொன்னீங்க? பஸ் பாயா? நான் பஸ்ல வரல, மோட்டோதான். பாயும் இல்ல, சுகுமாறன்... இருங்க, இருங்க. பஸ்னா உக்காரு. பாய்னா தம்பி. ‘உக்காரு தம்பி’... அக்கா! இது நேப்பாளியாச்சே! அப்ப மொழிபெயர்ப்புக்கு வந்தது நீங்களா?

நில்லுங்கக்கா! அந்தச் சாமி வேணாம்! வயமுடு வேணாம்! சுகுதான் சொல்லிக் குடுத்தான்னே சொல்லிடுங்க, அவன மட்டும் அனுப்ப வேணாம்னு... கதவச் சாத்தாதீங்க! தீதி! தீதீ! தீ... தீ...!

ஐயோ பஞ்சாலைக்கா, நீங்க எதுக்கு வாளித் தண்ணியோட ஓடியாறீங்க? கீழ வைங்க! ஆபிசுல எங்கயும் தீ புடிக்கல...

எனக்குத்தான்.