மத்யாகூப்பின் மதகு

— தொப்பியக் கழட்டிட்டு உள்ள வாங்க டைரக்டர் ஐயா, வாசல் தாழ்வு. ஆளுநர் வந்தா போடுற ஆட்டுத்தோல் தொப்பிதானே அது. இங்க ஆளுநர் யாரும் இல்ல.

— நக்கல் அப்புறம், அனார்குல். மூணு நாளா டவுன்ல சொட்டுத் தண்ணி இல்ல. ஆஸ்பத்திரியில பனிய உருக்கிக் குடிக்கிறாங்க. உன் மதகு அடைச்சுக்கிட்டதுக்கு யார் காரணம்னு மேலிடத்துல கேக்குறாங்க. நான் தீர விசாரிச்சு ஒரு அறிக்கை தயார் பண்ணியிருக்கேன்.

— விசாரிக்க என்ன இருக்கு? பாலத்தடி நாய்க்குக்கூடத் தெரியும். கால்வாய் மேல பனி கூரையாப் படிஞ்சிட்டா அடியில தண்ணி பத்திரமா ஓடும். குளிர் விடுற வரைக்கும் மேல இருந்து தண்ணியக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நீங்க தலைமதகத் திறந்து விட்டீங்க. கூரை வெடிச்சு, துண்டு துண்டா வந்து என் மதகு வாயில இருக்கிற தடுப்புக் கம்பியில செருகிக்கிச்சு.

— பின்ன, சனிக்கிழமை ஆளுநர் பாலத்துல நிக்கும்போது அசையாத பனியையா காட்டுறது? கம்பளம் விரிச்சு, நீளக் கொம்பெல்லாம் ஊதவெச்சு... தண்ணி நுரைச்சு வர வேண்டாமா? போட்டோ எவ்வளவு அழகா வந்திருக்கு தெரியுமா?

— டவுன்காரங்களுக்கு வீட்டுக்கு ஒண்ணு குடுங்க. தாகம் அடங்கும்.

— வாய மூடிட்டு இதப் படி. அடியில கையெழுத்துப் போடு.

— 'பணியில் இருந்த மதகுக்காரர் மத்யாகூப், கவனக்குறைவால் மதகைத் திறந்து பனியை உடைத்தார்...' ஐயா, என் வீட்டுக்காரர் செத்து நாலு வருஷமாச்சு. இதே கம்பியில பனி உடைக்க நீங்க அனுப்பித்தான் செத்தார். உடம்பு கிடைக்கவே மார்ச் மாசம் ஆச்சு. அடக்கத்துல நீங்க கறுப்புக் கையுறை போட்டுக்கிட்டு முக்கால் மணி நேரம் பேசினீங்க.

— ஆபீஸ் பட்டியல்ல அவர் இன்னும் பணியிலதான் இருக்கார். பேர எடுத்தா இந்தப் பதவியையே எடுத்துடுவாங்க. அவர் பேர்ல நீ வேலை பாக்குறது யார் தயவுல? செத்தவர ஜெயில்ல போட முடியாது. யாருக்கும் நஷ்டமில்ல.

— அவருக்கு நஷ்டம். அளவுகோலக்கூட நம்பாம, விரல வெச்சே பனிக்கனம் பாத்த மனுஷன். நான் போடலன்னா?

— நாளைக்கே இந்த வீட்டுக்கும் வேலைக்கும் வேற ஆள்.

— டீ ஆறுது. குடிங்க.

— இன்னொண்ணு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைமதகத் திறக்கப்போறேன்னு நான் போன் பண்ணப்ப நீ சொன்னத, விசாரணைக்கு வர்றவங்ககிட்ட உளறி வைக்காத.

— நான் என்ன சொன்னேன்?

— நடிக்காத. இதோ, இந்தச் சுவத்துப் போன்லதான் எடுத்த. சளி கட்டின ஆம்பள மாதிரிக் குரல். 'கூரை எட்டு விரல் கனம். தொடாதே.' மூணு தடவ இதையே சொல்லிட்டு வெச்சுட்ட. டைரக்டர்ங்கிற மரியாதைகூட இல்ல. அந்தக் கோவத்துலதான் முழுசாத் திறக்கச் சொன்னேன்.

— எட்டு விரல்னா சொல்லுச்சு அந்தக் குரல்?

— ஆமா. ஏன் கேக்குற?

— ஐயா, மக பிரசவத்துக்கு நான் புதன்கிழமையே ஊர்கெஞ்ச் போயிட்டேன். கூரை படிஞ்ச பின்னால மதகுல ஆளுக்கு வேலை இல்லையே. நேத்துதான் வந்து பூட்டத் திறந்தேன். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு.

— அப்ப...

— பேனாவக் குடுங்க. 'பணியில் இருந்த மதகுக்காரர் மத்யாகூப்.' அது வரைக்கும் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. அதுக்கு மட்டும் கையெழுத்துப் போடுறேன்.