ஜன்னல் இல்லாத அறையில் ஒரு பாடம்

இந்த ஸ்டேஷன் அறையைத் துடைப்பவர் யாரோ, இன்ஸ்பெக்டர், அவரிடம் சொல்லி வையுங்கள், பினாயிலை அளவுக்கு மேல் ஊற்றுகிறார். வாசனை தூக்கலாக இருந்தால் தரை சுத்தமாகிவிட்டது என்று பலருக்கும் ஒரு நினைப்பு. வந்ததிலிருந்து பார்க்கிறேன், உங்களுக்குக் கண் கலங்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கம் போதவில்லை என்று நினைத்திருப்பீர்கள். தூக்கமில்லை, பினாயில்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி. எங்கே போனாலும் எனக்கு முன்னால் என் மூக்கு போய்விடும்.

அந்தப் பெண் இறந்தது விபத்து என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பிளீச்சையும் கழிப்பறை ஆசிட்டையும் தெரியாமல் கலந்துவிட்டாள், பாவம், சின்னப் பெண். கல்லூரி நிர்வாகம் அப்படித்தானே சொன்னது? நானும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். என் மனைவியும் அதைத்தான் சொல்லி அனுப்பினாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வாய் இருக்குன்னு பேசிக்கிட்டே போகாதீங்க." நல்ல யோசனைதான். ஆனால் என்னிடம் படித்த பிள்ளை எதையும் தெரியாமல் கலக்காது. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரியில் படித்துக்கொண்டே பகுதி நேரமாக வேலை பார்க்கிற மாணவர்கள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுவார்கள், கழிப்பறைகளைச் சுத்தம் செய்வார்கள், விடுதித் துணிகளை வெளுப்பார்கள். துடைப்பத்தைத் தொடுவதற்கு முன் எல்லோரும் என் வகுப்புக்கு வந்தாக வேண்டும். எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது, எதை எதோடு சேர்க்கக் கூடாது, கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுப்பேன். வாயைத் திறந்தாலே "கண்ணாடி போடு, கண்ணாடி போடு" என்பதால் பிள்ளைகள் எனக்குக் 'கண்ணாடி சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாலும் பிள்ளைகள் காதில் ஏறாது. ஒருவன் ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தன் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்திலேயே வைப்பான். இன்னொருத்தி பொறுப்பாகக் கையுறை போட்டுக்கொண்டு, அதே கையால் கண்ணைக் கசக்குவாள். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மேதாவி எழுந்து, "ரெண்டையும் சேத்து ஊத்துனா டபுளா வெள்ளையாகும்ல சார்?" என்று கேட்பான். வெள்ளையாகாது. நெஞ்சைக் கருக்குகிற புகை வரும். அப்படித்தான் ஒரு பையன் ஒருமுறை நிஜமாகவே கலந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கிடந்து இருமலோடு திரும்பி வந்தான். அதற்கப்புறம் அவன் புட்டியின் மேல் ஒட்டியிருப்பதைப் படிக்காமல் எதையும் தொட்டதில்லை. என் வகுப்பு சாதிக்காததை அந்தப் புகை சாதித்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது என்று சொல்ல வேண்டும்.

அதிலிருந்து ஒரு பாடத்தைச் சேர்த்தேன். கீழ்த்தளத்துக் கோடியில் எங்கள் ஸ்டோர் ரூம். ஜன்னல் கிடையாது. புதிதாக வருகிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூட்டிப்போவேன். ஒரு பேசினில் இரண்டையும் கொஞ்சமாக ஊற்றிக் காட்டுவேன். கண்ணில் தண்ணீர் கொட்ட வெளியே ஓடி வருவார்கள். பட்டுத் தெரிந்துகொண்டால் மறக்காதில்லையா, அவ்வளவுதான் என் எண்ணம்.

ஆனால் பிள்ளைகள் சீக்கிரம் ஓடி வந்துவிட்டார்கள். வந்து சிரித்தார்கள். அடுத்தவனிடம், "ஒண்ணுமில்லடா, மூக்கைப் பொத்திக்கோ" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் நான் வெளியே வந்து கதவைச் சாத்தத் தொடங்கினேன். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும் தொடங்கினேன்.

உள்ளே இருப்பவர் கதவைத் தட்டுவதில் வகைகள் உண்டு. முதலில் கூச்சத்தோடு தட்டுவார்கள், கதவு இறுகிவிட்டது போல என்று. அடுத்து கோபத்தில் தட்டுவார்கள். அதற்கும் அடுத்து ஒன்று வரும். அதில் வெட்கமோ கோபமோ இருக்காது, விளையாட்டு அறவே இருக்காது. அதைக் கேட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது திறந்துவிடுவேன். முதுகைத் தடவிக் கொடுத்துத் தண்ணீர் கொடுப்பேன். "இந்தக் கதவு இப்படித்தாம்பா, மழை பெஞ்சா மரம் ஊதிக்கும்" என்பேன். எல்லோரும் நம்பினார்கள். சிலர் நன்றி கூடச் சொன்னார்கள். நான் கொடுமைக்காரன் இல்லை. ஒருவரைக்கூட தேவைக்கு மேல் உள்ளே வைத்ததில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் கேள்விக்காரி. முதல் வரிசையில் உட்காருவாள், கண்ணாடியைச் சொல்வதற்கு முன்பே போட்டுக்கொள்வாள். வகுப்பின் நடுவில் கையைத் தூக்கினாள். "சார், கெமிக்கல் வெக்கிற ரூம்ல காத்தோட்டம் இருக்கணும்னு சொன்னீங்க. நம்ம ஸ்டோர் ரூம்ல ஜன்னலே இல்லையே. அதை யார்கிட்ட சொல்லணும்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். "நல்ல கேள்விம்மா" என்றேன். அவள் நேராக எங்கள் பிரிவு மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "இதை ஒரு சின்னப் பொண்ணு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்குக் கோபமில்லை. பழம் தின்று கொட்டை போட்டவன் நான், என் மகள் வயதுப் பெண்ணிடமா கோபித்துக்கொள்ளப் போகிறேன்? படித்துத் தெரிந்துகொள்கிறவர்களுக்குப் பயம் இருக்காது, அதுதான் ஆபத்து என்று மட்டும் நினைத்தேன். அவள் முறை வந்தபோது நிதானமாகவே இருந்தேன்.

ஸ்டோர் ரூம் வாசலில் நின்று, "சார், எனக்கு வீசிங் இருக்கு. இந்த வாசனை ஒத்துக்காது. குடுவை கழுவுற வேலை மட்டும் குடுங்களேன்" என்றாள்.

"பயப்படாதம்மா. பயம் போகத்தானே கிளாஸ்" என்றேன்.

சொந்தப் பொருள் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. நான்தான் அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தேன். பையை வெளியே வைத்தாள். அதிலிருந்து இன்ஹேலரை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அதையும்" என்றேன். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பைக்குள் போட்டுவிட்டாள். விதி என்று சொன்னால் மறுபேச்சில்லாத பிள்ளை.

நான் ஊற்றத் தொடங்கியபோது, "கலக்காதீங்க சார், அது ரெண்டும் சேரக் கூடாது" என்று என் கையைப் பிடித்தாள். பார்த்தீர்களா? அவளுக்குத் தெரியும். கையை விடுவித்துக்கொண்டு ஊற்றிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

இங்கேதான் நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். அவள் கூச்சமாகத் தட்டவில்லை. கோபமாகவும் தட்டவில்லை. எடுத்த எடுப்பிலேயே மூன்றாவது வகை வந்துவிட்டது. முதல் இரண்டும் இல்லாமல் அது எப்படி வரும்? யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கெட்டிக்காரத்தனம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். முறைப்படி தட்டட்டும் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். தட்டுவது நின்றது. சரி, இனி முதலிலிருந்து தொடங்குவாள் என்று அதற்கும் காத்திருந்தேன். அவள் பை என் காலடியில்தான் இருந்தது. திறந்தபோது கதவோடு சாய்ந்திருந்தவள் என் மேலேயே விழுந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே கண்ணாடி சார்? உங்களைப் பத்தியேதான் பேசுவா. நான் பாத்ரூம் கழுவப் போனாக்கூட பின்னாடியே வந்து பாடம் எடுப்பா. அவளுக்கு எப்படி சார் இது தெரியாமப் போச்சு?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். எத்தனை வருட உழைப்பு. என் மாணவிக்குத் தெரியவில்லை என்று ஒரு தாய் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கலந்தவன் நான், கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் நான். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் மறக்காமல் எழுதுங்கள். அந்தப் பாடத்தைத் தொடங்கிய பிறகு என் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட வேலையில் ஒரு கீறல் பட்டதில்லை. இவளை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இவள் இறந்தது வேலையில் இல்லை, பயிற்சியில்தான்.